காரின் முகப்புக் கிரில்லைத் திறந்துவிடுதல்: பலனும் வரம்பும்

காரின் முகப்புக் கிரில்லுக்கு இரண்டு வேலை. காற்றை உள்ளே விட வேண்டும். கல், பூச்சி, சருகு, பாலித்தீன் உறை போன்றவற்றை வெளியே நிறுத்த வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வலைக்கண் பெரிதானால் காற்று தாராளமாக நுழையும், கல்லும் நுழையும். கிரில்லின் அடைப்புகளை வெட்டி எடுப்பது, தடித்த பட்டைகளை நீக்கிக் கம்பிவலை பொருத்துவது, பம்பரில் புதுத் திறப்பு வைப்பது ஆகிய மாற்றங்கள் எல்லாம் இந்தச் சமநிலையைக் காற்றின் பக்கம் சாய்க்கும் முயற்சிகள். அவை எப்போது பலன் தரும், எப்போது வீணாகும், எப்போது கேடு செய்யும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

முகப்புக் காற்றின் வேலை

பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கூலன்ட்டில் ஏறி ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. இன்ஜின் 50 கிலோவாட் திறன் தரும்போது, ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும்.

கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலான கார்களில் முதலில் ஏ.சி. கண்டென்சர், அதன் பின் ரேடியேட்டர், அதன் பின் மின்விசிறி என்ற வரிசை உண்டு. டர்போ வண்டிகளில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இந்த அடுக்கில் முன்னாலோ கீழேயோ சேரும். இன்ஜின் மூச்சு விடும் காற்றுக்குழாயின் வாயும் பல வண்டிகளில் ரேடியேட்டரின் மேல் விளிம்பருகே முன்னோக்கி இருக்கும். பந்தயக் கார்களில் பிரேக்குக்கும் ஆயில் கூலருக்கும் போகும் குழாய்களும் முகப்பிலிருந்தே புறப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் காற்று ஒரே பாதையில் போகிறது: நுழையும் வாய், கடக்கும் வழி, வெளியேறும் வாசல். கிரில் அந்தப் பாதையின் முதல் அங்குலம். அந்த அங்குலத்தை மட்டும் அகலமாக்கி மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் கிடைப்பது சொற்பமே. கிரில் மாற்றங்களில் பெரும்பாலானவை ஏமாற்றம் தருவதற்குக் காரணம் இதுதான்.

திறப்பு வளர்ந்த வரலாறு

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாவதன் மூலம் வெப்பம் வெளியேறியது. போகும் வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். இன்ஜின்கள் வலுப்பெற்றபோது அந்த முறை போதவில்லை. கார் வணிகர் எமில் ஜெல்லினெக் கேட்டுக்கொண்டதன் பேரில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்து 1900 டிசம்பரில் வெளிவந்த மெர்சிடிஸ் 35 எச்.பி. கார், தேன்கூட்டு ரேடியேட்டரோடு வந்தது. 6 மி.மீ. சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. காற்று குழாய்களுக்குள் போனது. தண்ணீர் அவற்றின் இடுக்குகளில் ஓடியது. கார் என்றால் முகப்பில் காற்று வாங்கும் முகம் ஒன்று இருக்கும் என்ற அமைப்பு அங்கிருந்து நிலைபெற்றது.

தொடக்கத்தில் ரேடியேட்டரே முகப்பாக இருந்தது. 1930களில் அது உடற்கூட்டுக்குள் மறைந்து, அதன் முன்னால் அலங்காரமும் பாதுகாப்புமாகக் கிரில் வந்தது. 1933இன் பி.எம்.டபிள்யூ. 303 காரில் தோன்றிய இரட்டைச் சிறுநீரக வடிவம் இன்றுவரை அந்நிறுவனத்தின் அடையாளம். அப்போதிருந்து கிரில்லின் அளவை வெப்பக் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை, முகத்தோற்றமும் தீர்மானிக்கிறது. 1955இன் சித்ரோவன் டி.எஸ். இதற்கு மறுதலை. முகத்தில் கிரில் இல்லாமல், பம்பருக்குக் கீழிருந்தே காற்று வாங்கி அந்தக் கார் ஓடியது.

1959இல் வந்த பிரிட்டனின் மினி, முன்திறப்பைப் பற்றி இரண்டு பாடங்களைச் சொல்கிறது. அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காக வைத்தார்; ரேடியேட்டரை இடப்பக்கத்துக்கு நகர்த்தி, முன்சக்கரத்தின் மேலுள்ள தாழ்வழுத்தப் பகுதியில் விசிறி காற்றைத் தள்ளும்படி செய்தார். வெளியேறும் வாசலுக்குத் தாழ்வழுத்தமான இடத்தைத் தேர்ந்தது நல்ல யோசனை. ஆனால் இன்ஜினைத் தழுவிச் சூடேறிய காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைத்தது. அதோடு, கிரில்லுக்கு நேர் பின்னால் தீப்பொறி வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அமைந்துவிட்டதால், மழையில் ஓட்டும்போது தண்ணீர் நேராக அதன் மேல் அடித்து இன்ஜின் நின்றது. காற்று நுழையும் வழியில் தண்ணீரும் நுழையும் என்பதை மினி உலகுக்குக் காட்டியது.

1962இன் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. சிறந்த விடையைத் தந்தது. அதன் மூக்கில், முக்கியத் திறப்புக்கு மேல், அரைவட்ட வடிவில் மூன்று சிறு திறப்புகள் இருந்தன. அவற்றுக்குக் கழற்றி மாட்டும் மூடிகள் உண்டு. வெயிலிலும் கடும் பந்தயத்திலும் மூடிகளைக் கழற்றுவார்கள், தேவையில்லாதபோது மாட்டிவிடுவார்கள். தேவைக்கேற்பத் திறந்து மூடும் இதே கருத்துதான் இன்றைய தானியங்கிக் கதவுகளிலும் உள்ளது.

காற்று ஏன் உள்ளே போகிறது

ஓடும் காரின் மூக்கில் மோதும் காற்று ஓரிடத்தில் முழுவதுமாக நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான கார்களில் அது பம்பரின் நடுப்பகுதியை ஒட்டி அமைகிறது. மூக்கு வளைந்து பானெட்டை நோக்கி ஏறும் விளிம்பில் காற்று வேகம் பிடிப்பதால், அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு திறப்புகளில், பம்பர் நடுவில் இருப்பது காற்றை வாங்கும்; பானெட் விளிம்பில் இருப்பது காற்றை வெளியே விடவும் கூடும். எவ்வளவு திறப்பது என்ற கேள்விக்கு முன், எங்கே திறப்பது என்ற கேள்வி வர வேண்டும்.

இந்த அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 42 பாஸ்கல். 60 கி.மீ. வேகத்தில் 167. 100 கி.மீ. வேகத்தில் 460ஐத் தாண்டும். தண்ணீர் மட்டத்தால் சொன்னால், இவை முறையே 4 மி.மீ., 17 மி.மீ., 47 மி.மீ. உயரம். நெடுஞ்சாலையில் காரைச் சூழும் காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். மலைப்பாதையிலும் நகர நெரிசலிலும் அது கிட்டத்தட்ட உதவுவதில்லை.

அழுத்தம் என்பது இரு இடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு. முன்னால் அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது. பின்னால் அது குறைவாக இருக்க வேண்டும். இன்ஜின் அறையில் காற்று தேங்கி அங்கும் அழுத்தம் ஏறிவிட்டால், கிரில் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ரேடியேட்டர் வழியே காற்று நகராது. உள்ளே வந்த காற்று பெரும்பாலும் வண்டிக்கு அடியிலும் சக்கரக் குழிகளிலும் வெளியேறுகிறது.

எவ்வளவு திறப்பு வேண்டும்

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். சிறு கார் ஒன்று சமதளத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓட ஏறத்தாழ 15 கிலோவாட் திறன் வேண்டும் என்று கொண்டால், ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் சுமார் 15 கிலோவாட். ரேடியேட்டரைக் கடக்கும்போது காற்று 30 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 0.45 கன மீட்டர் காற்று போதும். திறப்பில் காற்று வண்டியின் வேகத்தில் பாதி வேகத்தோடு நுழைந்தால், தேவைப்படும் பரப்பு ஏறத்தாழ 320 சதுர செ.மீ. நீளம் 20 செ.மீ., உயரம் 16 செ.மீ. உள்ள ஒரு செவ்வகம்தான். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு இன்றைய கார்களின் முகப்புத் திறப்பு தேவைக்கு மிஞ்சியது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

மலையேற்றத்தின் கணக்கு வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைந்த கார் ஏ.சி. போட்டுக்கொண்டு ஏறும்போது, இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது. வேகமோ 30 கி.மீ.தான். காற்றழுத்தம் 4 மி.மீ. தண்ணீர் மட்டம். அப்போது ரேடியேட்டரைக் காப்பாற்றுவது மின்விசிறி. அந்த விசிறி இழுக்கும் காற்றுக்குக் கிரில் இடைஞ்சலாக இல்லாவிட்டால் போதும். அதற்கு மேல் கிரில்லைத் திறப்பதில் சிறு லாபமே உண்டு. மலையில் சூடாகிறது என்பதற்காகக் கிரில்லை வெட்டுபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் மருந்து போடுகிறார்கள்.

பந்தயக் கார் வடிவமைப்பில் வழங்கும் பொதுவான விதி இது: ரேடியேட்டரின் முகப்பரப்பில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள வாய் போதும், வெளியேறும் வாசல் நுழைவாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. உயரமும் உள்ள ரேடியேட்டருக்கு 600 முதல் 800 சதுர செ.மீ. வாய். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாயிலிருந்து ரேடியேட்டர் வரை காற்று கசியாத கூடு இருக்க வேண்டும். சிறிய வாயில் நுழைந்த காற்று, படிப்படியாக விரியும் கூட்டில் வேகம் குறைந்து அழுத்தம் கூடி, ரேடியேட்டர் முழுவதிலும் பரவுகிறது. கூடு இல்லாவிட்டால் பெரிய வாயும் பயன் தராது; காற்று எளிய வழியைத் தேடி ரேடியேட்டரைச் சுற்றிப் போய்விடும்.

இன்ஜினியர் எஃப். டபிள்யூ. மெரிடித், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் விமான ஆய்வு நிறுவனத்தில் 1930களின் நடுவில் செய்த ஆய்வு இக்கருத்தின் உச்சம். நன்றாக அமைத்த கூட்டில் ரேடியேட்டரின் வெப்பத்தால் விரியும் காற்றைப் பின்வாசல் வழியே வேகமாக வெளியேற்றினால், குளிர்விப்பால் உண்டாகும் இழுவிசையில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம் என்று அவர் காட்டினார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் போர்விமானம் வயிற்றடியில் ரேடியேட்டரைச் சுமந்தபடியே வேகமாகப் பறந்ததற்கு இந்த அறிவு துணைநின்றது. கார் அந்த வேகத்தை எட்டுவதில்லை. ஆனால் வாய், கூடு, வாசல் மூன்றையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்ற பாடம் காருக்கும் அப்படியே பொருந்தும்.

உற்பத்தியாளர் ஏன் மூடி வைக்கிறார்

இன்றைய கார்கள் பலவற்றின் கிரில்லை அருகே போய்ப் பார்த்தால், தேன்கூடு போலத் தோன்றும் பகுதியின் பாதிக்கு மேல் பின்புறம் கறுப்புப் பிளாஸ்டிக்கால் அடைபட்டிருக்கும். பானெட்டைத் திறந்து உள்ளிருந்து டார்ச் அடித்தால், ஒளி வெளியே தெரியும் இடம் எது, தெரியாத இடம் எது என்று அடைப்பு உடனே புலப்படும். இந்த அடைப்புகளை வெட்டி எடுப்பதே மாற்றம் செய்வோரின் முதல் வேலை.

அந்த அடைப்புக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது இழுவிசை. ரேடியேட்டர் வழியே நுழையும் ஒவ்வொரு கிலோ காற்றும் வேகத்தை இழந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. பயணிகள் காரின் மொத்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குவரை இந்தக் குளிர்விப்புக் காற்றால் வருவதுண்டு. இரண்டாவது இன்ஜின் விரைவில் சூடேற வேண்டியது. குளிர்ந்த இன்ஜின் அதிக எரிபொருள் குடிக்கும், அதிகப் புகை விடும், விரைவில் தேயும். மூன்றாவது உற்பத்தி வசதி. ஒரே பம்பர் சிறிய பெட்ரோல் இன்ஜினுக்கும் பெரிய டீசல் இன்ஜினுக்கும் பொருத்தப்படும். சிறிய இன்ஜினுக்கு வேண்டாத திறப்பு அடைக்கப்படும். ஆகவே ஒரே மாடலில் அதிக வலுவுள்ள வகையின் கிரில்லையே வாங்கிப் பொருத்துவது, வெட்டுவதைவிடப் பாதுகாப்பான வழியாகப் பல வண்டிகளுக்கு இருக்கிறது.

2011இன் ஷெவர்லே குரூஸ் எகோ போன்ற கார்களோடு, கிரில்லுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் பட்டைக் கதவுகள் பரவலாயின. இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போதும் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதும் மூடிக்கொள்ளும். வெப்பம் ஏறினால் திறக்கும். இந்தக் கதவுகள் உள்ள வண்டியில் கிரில்லை வெட்டுவது பொருளற்றது. கதவைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். தகுதிச் சுற்றுகளில் அணிகள் கிரில்லின் மேல் டேப் ஒட்டிக் காற்றைத் தடுப்பது நெடுநாள் வழக்கம். திறப்பு குறைந்தால் இழுவிசை குறையும், முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் கூடும், வேகம் ஏறும். ஓரிரு சுற்றுகள் மட்டும் ஓடுவதால் இன்ஜின் சூட்டைத் தாங்கும். நீண்ட பந்தயத்தில் அந்த டேப்பைக் கழற்றியாக வேண்டும். 1938 ஜனவரி 28இல் ஃபிராங்க்ஃபர்ட்–டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் பந்தய ஓட்டுநர் ருடால்ஃப் கராசியோலா மணிக்கு 432.7 கி.மீ. வேகம் தொட்ட மெர்சிடிஸ் சாதனைக் காரில், ரேடியேட்டருக்கு முன்வாயே இல்லை. பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் இன்ஜின் குளிர்ந்தது. மூக்கில் இருந்த இரண்டு சிறு துளைகள் இன்ஜின் மூச்சு வாங்க மட்டும். வேகத்துக்குக் கிரில் எவ்வளவு விலை கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எந்த நோக்கத்துக்கு எவ்வளவு பலன்

இன்ஜின் சூடாவதைத் தடுப்பது முதல் நோக்கம். கூலன்ட்டின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்ற வால்வு ஆள்கிறது. ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரியில் அது திறக்கத் தொடங்கும். வெப்பமானியின் முள் நடுவில் அசையாமல் நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட் தன் கையில் இன்னும் மிச்சம் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கிரில்லை எவ்வளவு திறந்தாலும் வெப்பம் இறங்காது. தெர்மோஸ்டாட் அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ளும். முள் ஏறுகிற வண்டியிலும், முதலில் பார்க்க வேண்டியவை வேறு: பழுதான தெர்மோஸ்டாட், ஓடாத விசிறி, அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி, சேறும் பூச்சியும் அடைத்த துடுப்புகள், பச்சைத் தண்ணீர் ஊற்றி உள்ளே துருவேறிய ரேடியேட்டர், கசியும் ஹெட் கேஸ்கெட். ஆலையிலிருந்து வந்தபோது சூடாகாத வண்டி இன்று சூடாகிறது என்றால், பழுது கிரில்லில் இல்லை.

உண்மையான பலன் கிடைக்கும் இடங்கள் சில. திறன் கூட்டப்பட்ட டர்போ வண்டியில் புதிதாக வைத்த பெரிய இன்டர்கூலர், பம்பரின் இரும்புக் குறுக்குச்சட்டத்துக்கும் பிளாஸ்டிக் அடைப்புக்கும் பின்னால் மறைந்திருந்தால், அந்த அடைப்பை நீக்குவது நேரடியாக உதவும். பந்தயத் தடங்களில் அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடும் வண்டிக்கும் இது பொருந்தும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் தடத்திலும் கோடை வெயிலில் ஓடும் கார்களுக்கு ஒவ்வொரு டிகிரியும் முக்கியம்.

இன்ஜினின் மூச்சுக்காற்று இரண்டாவது நோக்கம். முன்னால் திறந்தால் காற்று அடித்துக்கொண்டு நுழைந்து திறன் ஏறும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 100 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் 460 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை, 200 கி.மீ. வேகத்திலும் அது இரண்டு சதவீதத்தை எட்டாது. பலன் அழுத்தத்தில் இல்லை, குளிர்ச்சியில் இருக்கிறது. இன்ஜின் அறையின் 50 டிகிரிக் காற்றுக்குப் பதில் வெளியின் 35 டிகிரிக் காற்றை வாங்கினால், அதன் அடர்த்தி ஏறத்தாழ ஐந்து சதவீதம் கூடும். ஆனால் பெரும்பாலான கார்களில் ஆலையிலேயே குழாயின் வாய் வெளிக்காற்றை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதை முன்கூட்டிப் பார்த்துவிட்டால் வீண் செலவு மிச்சம்.

மூன்றாவது பிரேக். 1,200 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 670 கிலோஜூல் ஆற்றல் பிரேக் தட்டுகளில் வெப்பமாகிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. ஃபாக் விளக்கின் இடத்தைத் திறந்து, அங்கிருந்து தட்டின் நடுப்பகுதிக்குக் குழாய் போடுவது தடத்தில் ஓடுவோர் செய்யும் பயனுள்ள வேலை. குழாய் இல்லாமல் திறப்பு மட்டும் வைத்தால் காற்று தட்டைச் சேராது.

நான்காவது ஏ.சி. நிற்கும் வண்டியில் இன்ஜின் அறையின் சூடான காற்று ரேடியேட்டரின் ஓரங்களில் உள்ள இடைவெளி வழியே முன்பக்கம் திரும்பி வந்து மறுபடியும் கண்டென்சரில் நுழைகிறது. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி குறைவதற்கு இது ஒரு காரணம். இதற்கு மருந்து அந்த இடைவெளிகளை நுரைப்பட்டையாலோ ரப்பராலோ அடைப்பது. கிரில்லைத் தொடவே வேண்டாம்.

வலையைத் தேர்ந்தெடுத்தல்

கம்பிவலையின் உண்மையான திறப்பு கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவு. கம்பியின் தடிமனை, ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால் அது கிடைக்கும். 1 மி.மீ. கம்பி 6 மி.மீ. இடைவெளியில் இருந்தால் பரப்பில் 69 சதவீதம் திறந்திருக்கும். அதே கம்பி 3 மி.மீ. இடைவெளியில் இருந்தால் 44 சதவீதம்தான். 2 மி.மீ. கம்பி 10 மி.மீ. இடைவெளியில் 64 சதவீதம். நெருக்கமான வலை பார்வைக்கு அழகு. ஆனால் எடுத்த பிளாஸ்டிக் பட்டையைவிட அதிகம் தடுக்கவும் கூடும். 6 முதல் 10 மி.மீ. கண் சாலைக்கல்லை ஓரளவு நிறுத்தி, காற்றுக்கும் வழி விடும்.

வலைக்கு அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் ஏற்றவை. சாதாரண இரும்பு வலை ஒரு மழைக்காலத்தில் துருவேறும். கடற்கரை ஊர்களில் இன்னும் விரைவில். வெட்டிய விளிம்பை மடித்து, பின்புறம் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சட்டத்தில் எப்பாக்ஸியோ திருகோ கொண்டு பிணைக்க வேண்டும். வேகத்தில் கழன்ற வலை ரேடியேட்டரின் மெல்லிய துடுப்புகளைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக்கை வெட்டும்போது பானெட் பூட்டு, ஹாரன், வெளிவெப்பம் அளக்கும் சிறு உணரி ஆகியவற்றின் இடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆலைக் கிரில்லை வெட்டாமல் எடுத்து வைத்து, இன்னொரு கிரில்லில் வேலை செய்வது எப்போதும் நல்லது. பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

வாசலும் கூடும்

கிரில்லைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது கூட்டைச் சரிசெய்வது. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மேல், கீழ், பக்கவாட்டுத் தடுப்புகள் விபத்துக்குப் பின் டிங்கரிங் பட்டறையில் பொருத்தப்படாமல் விடுபட்டிருக்கலாம். அவை இல்லாத வண்டியில் பாதிக் காற்று வீண். மலிவான நுரைப்பட்டையும் அலுமினியத் தகடும் கொண்டு செய்யும் இந்த அடைப்பு, பல வண்டிகளில் புதிய திறப்பைவிட அதிகப் பலன் தரும்.

அடுத்தது வெளியேறும் வாசல். இன்ஜினுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் தட்டை வேண்டாம் என்று கழற்றுவோர் உண்டு. சில வண்டிகளில் அந்தத் தட்டுதான் வண்டிக்கடியில் தாழ்வழுத்தத்தை உண்டாக்கிக் காற்றை உறிஞ்சுகிறது. அதை எடுத்தால் வெப்பம் ஏறும். பானெட்டில் துவாரம் வைப்பதென்றால் அதன் முன்பாதியில், தாழ்வழுத்தம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் காற்று மோதி அழுத்தம் ஏறுவதால், அங்கே வைத்த துவாரம் காற்றை வெளியேற்றாது, உள்ளே தள்ளும்.

அளந்து பார்த்தல்

மாற்றம் பலித்ததா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. எளிய கருவிகள் போதும். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ எழுத்து வடிவில் ஓர் அட்டையில் கட்டி, மை கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையிலிருந்து குழாயை ரேடியேட்டரின் முன்பக்கத்துக்கும் மறுமுனையிலிருந்து பின்பக்கத்துக்கும் கொண்டுபோனால் அழுத்தமானி தயார். உடன் வருபவர் தண்ணீர் மட்டங்களின் வேறுபாட்டைக் குறிப்பார். கிரில்லைத் திறந்த பின் அதே வேகத்தில் அந்த வேறுபாடு கூடினால் காற்று கூடியது; கூடவில்லை என்றால் வெட்டியது வீண்.

வெப்பத்தை, வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓ.பி.டி. கருவி வழியே அறியலாம். கூலன்ட்டின் வெப்பத்தை மட்டும் பார்க்காமல், அதிலிருந்து வெளிவெப்பத்தைக் கழித்துக் கிடைக்கும் எண்ணை ஒப்பிட வேண்டும். ஒரே சாலை, ஒரே கியர், ஒரே சுமை, ஏ.சி. ஒரே நிலை. வெட்டுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்வது சிறப்பு. கிரில்லைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், முழுத் திறப்பு தரக்கூடிய பலனின் உச்சம் தெரிந்துவிடும். அதுவே சொற்பம் என்றால், வலை தரப்போவது அதைவிடக் குறைவு.

பாதுகாப்பும் சட்டமும்

கிரில்லும் பம்பரும் மோதல் பாதுகாப்பின் பகுதி. காற்றுப்பைகளைத் தூண்டும் உணரிகள் சில வண்டிகளில் முகப்பிலேயே இருக்கும். இன்றைய கார்களில் பாதசாரியின் கால் மோதும்போது நெளிந்து கொடுக்கும்படி பம்பர் வடிவமைக்கப்படுகிறது. அதில் கூர்மையான உலோக விளிம்பை வைப்பது மனிதரைக் காயப்படுத்தும். முன்னால் போகும் வண்டியைக் கண்டு வேகம் குறைக்கும் ரேடார், பல வண்டிகளில் கிரில்லின் நடுவிலோ சின்னத்தின் பின்னோ இருக்கிறது. அதன் முன் உலோக வலை வந்தால் ரேடார் குருடாகும். அவசரகால பிரேக்கும் வேலை செய்யாது. ரேடார் உள்ள வண்டியில் அந்தப் பகுதியைத் தொடவே கூடாது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. கிரில்லின் வடிவம் பதிவுச் சான்றில் எழுதப்படுவதில்லை. ஆனால் முகப்பில் பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டங்களுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கிரில் மாற்றம் அந்தத் திசையில் போகக் கூடாது. நம்பர் பிளேட் மறையவோ இடம் மாறவோ கூடாது. செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது, பின்னால் இழப்பீடு கேட்கும்போது தகராறைத் தவிர்க்கும். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில், குளிர்விப்புத் தொடர்பான பழுதுக்கு இம்மாற்றமே காரணம் என்று காட்டப்படலாம்.

மின்கார்களில்

மின்காரில் மோட்டாரின் வெப்பம் குறைவு என்பதால் முகப்பு மூடிக்கொண்டே வருகிறது. டெஸ்லா மாடல் எஸ். 2012இல் கறுப்பு மூக்கோடு வந்தது. 2016இல் அதையும் நீக்கியது. பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். காரின் சிறுநீரகக் கிரில் முழுவதும் மூடியது. அதன் பின்னால் கேமராவும் ரேடாரும் உள்ளன. ஆயினும் பேட்டரியையும் ஏ.சி.யையும் குளிர்விக்கக் கீழ்ப்பகுதியில் சிறு திறப்பும் தானியங்கிக் கதவும் தொடர்கின்றன. அவற்றை வெட்டித் திறப்பதில் லாபம் எதுவும் இல்லை. பயண தூரம்தான் குறையும்.

முடிபு

கிரில்லைத் திறப்பது, சோதனையால் தேவை உறுதியான வண்டிக்கு மட்டும் உரிய வேலை. திறன் கூட்டிய டர்போ, தடத்தில் நெடுநேரம் ஓடும் கார், அடைப்புக்குப் பின் மறைந்த இன்டர்கூலர் ஆகியவை அந்த வகையில் சேரும். அன்றாட வண்டிக்குப் பழுதுபார்ப்பு முதலில், கூட்டின் கசிவை அடைப்பது இரண்டாவது, வெளியேறும் வாசல் மூன்றாவது, கிரில் கடைசியில் என்ற வரிசையே சரி. வெட்டியே தீர வேண்டும் என்றால் அழுத்தம் கூடிய இடத்தில், வலுவான வலையோடு, பழைய கிரில்லைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வெட்டுவது நலம்.